நீர்யானைக்குப் பக்கத்தில் மம்மூத் நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ‘லண்டன் நடுவே நீர்யானை’ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதியிருந்தார்கள். ஆனால் அரைப் பக்கத்துக்கு ஒரு படம் போட்டிருந்தீர்களே, அதில் நீர்யானை ஒரு கரையில், சடை தொங்கும் மம்மூத் யானை மறு கரையில், பின்னால் பனிமலை. இது நடக்காத காரியம். டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அடியில் எலும்பாகக் கிடந்த நீர்யானைகள் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. இரண்டு பனிக்காலங்களுக்கு (நம் மார்கழிப் பனி அல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடித்த கடுங்குளிர் யுகங்கள்) நடுவே வந்த வெதுவெதுப்பான காலம் அது. அப்போது அந்தப் பக்கம் சடை மம்மூத் கிடையாது. அங்கே சுற்றிய யானை நேரான நீண்ட தந்தம் கொண்ட வேறு இனம். மம்மூத் வந்தது பிறகு, குளிரோடு. நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் கொள்ளுத் தாத்தாவையும் பேரனையும் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது உங்கள் படம்.

படப் பிழையோடு என் கடிதம் முடிந்திருக்கும். ஆனால் கட்டுரையில் வேறொரு குறை என்னை உறுத்துகிறது. “அக்காலத்தில் லண்டன் இன்றைவிட வெப்பமாக இருந்தது, பிறகு கடுங்குளிர் வந்தது என விஞ்ஞானிகள் கணித்துள்ளனர்” என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். எதை வைத்துக் கணித்தார்கள்? நீர்யானையை வைத்தா? நீர்யானை சொல்வது ஒன்றே ஒன்றுதான், குளிர்காலத்திலும் ஆறு உறையவில்லை என்று. சிங்கத்தைக் கேட்டால் அதுவும் சொல்லாது. அந்த வெதுவெதுப்பான யுகத்திலும் அது அங்கே இருந்தது, பனிக்காலத்திலும் இருந்தது. (அதே சதுக்கத்தில் நெல்சன் தூணைச் சுற்றி வெண்கலச் சிங்கங்கள் படுத்திருக்கின்றனவே, அவற்றுக்குக் கீழே மண்ணில் நிஜச் சிங்கத்தின் எலும்பும் கிடைத்திருக்கிறது. அதை உங்கள் கட்டுரையாளர் விட்டுவிட்டாரே என்று எனக்கு ஆதங்கம்.) கோடையில் எத்தனை டிகிரி, குளிரில் எத்தனை டிகிரி என்று கணக்குச் சொன்னவை வண்டுகள். அரிசியில் மேயுமே, சாணியை உருட்டுமே, அந்த ஜாதிதான். முழுப் பக்கக் கட்டுரையில் வண்டு என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், 34 வருஷம் வண்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். விருதுநகரில் தானியக் கிடங்குகளில் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை, 1976 முதல் 2010 வரை. அட்டி அட்டியாக அடுக்கிய மூட்டைகளில் குத்தூசி போட்டு மாதிரி எடுப்பது, சலிப்பது, வெள்ளைத் தாளில் கொட்டி எண்ணுவது, பிறகு தார்ப்பாய் மூடி மருந்து வைப்பது. அரிசியில் கூன்வண்டு, மாவில் செவ்வண்டு, உளுந்தில் பயறு வண்டு. கால் இல்லாமல், தலை இல்லாமல் வெறும் முதுகு ஓடு மட்டும் கிடைத்தாலும் எந்த வண்டு என்று சொல்லிவிடுவேன். வீட்டில் இதற்கு மரியாதை கிடைத்ததில்லை.

2014இல் மகள் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் லண்டன் போய் ஹவுன்ஸ்லோவில் ஆறு மாதம் இருந்தோம். வேலை இல்லாத மாமனார் வீட்டில் எதற்கு என்று மருமகன் நாசூக்காக உள்ளூர் நூலக அட்டை வாங்கிக் கொடுத்தார். அங்கேதான் ரஸ்ஸல் கூப் என்ற மனிதரைப் பற்றிப் படித்தேன். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நிலவியல் ஆசிரியர், 2011இல் காலமாகிவிட்டார். மூன்று வருஷம் முந்தி வந்திருந்தால் ஒரு கடிதமாவது போட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

1950களில் வூஸ்டர்ஷயர் பக்கம் அப்டன் வாரன் என்ற ஊரில் சரளை தோண்டும் குழி ஒன்று. பனிக்காலத்து ஆறு கொட்டிவிட்டுப் போன சரளை. மம்மூத், கம்பளி காண்டாமிருகம் என்று பெரிய எலும்புகள் அதில் கிடைத்தன. கூப் கவனித்தது சரளைக்கு நடுவே இருந்த கறுத்த சேற்றை. அதில் மின்னிக்கொண்டு கிடந்தன வண்டுகளின் துண்டுகள். அவர் பூச்சி படித்தவர் அல்ல, பாறை படித்தவர். ஆனாலும் அந்தச் சேற்றைப் பிடித்துக்கொண்டு மிச்ச வாழ்நாளை ஓட்டிவிட்டார். ஃபிரெட் ஷாட்டன், ஸ்ட்ராச்சன் என்ற இருவரோடு சேர்ந்து 1961இல் அந்தக் குழியைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஷாட்டனும் லேசான ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவ நிலவியலாளராக இருந்து, வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் படைகளுக்குத் தண்ணீர் தேடிக் கொடுத்தவர்.

வண்டின் முதுகு ஓடு எப்படி 40,000 வருஷம் தாங்கும் என்று கேட்பீர்கள். அது கைட்டின் என்ற பொருள். காற்றுப் படாமல், எப்போதும் ஈரமாக இருக்கும் சேற்றில் புதைந்தால் கெடுவதே இல்லை. நாணல் வண்டுகளின் பச்சை, செம்பு நிறப் பளபளப்புகூட அப்படியே இருக்குமாம். உடம்பு தனித்தனியாகக் கழன்றிருக்கும். தலை ஒன்று, மார்புக் கவசம் ஒன்று, இறக்கை மூடிகள் இரண்டு. அவை போதும். சில நேரம் ஆண் வண்டின் உறுப்பே கிடைத்துவிடும், இனத்தைச் சந்தேகமில்லாமல் சொல்ல அதைவிட நல்ல அடையாளம் இல்லை. குடும்பப் பத்திரிகை என்பதால் இதற்கு மேல் விளக்கவில்லை.

சேற்றிலிருந்து பிரித்தெடுக்கும் முறையைப் படித்தபோது நூலகத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். பல கிலோ சேற்றைத் தண்ணீரில் கரைத்து, 0.3 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசுகிறார்கள். சல்லடையில் தங்கியதை ஒரு வாளியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிப் பிசைகிறார்கள். எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் விட்டால் வண்டுத் துண்டுகள் மேலே மிதக்கும், செத்தையில் பெரும்பகுதி கீழே தங்கிவிடும். வண்டின் ஓட்டில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு. அதில் எண்ணெய் ஒட்டும். அவ்வளவுதான் விஷயம். எங்கள் அம்மா விதை உளுந்தை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கிற பொக்கைப் பயறுகளை வழித்து எறிவார். அங்கே மிதப்பது கழிவு, இங்கே மிதப்பது பொக்கிஷம். மண்ணெண்ணெய் வாளியில் பனிக்காலத்தை மிதக்கவிட்ட மனிதர் என்றால் எனக்கு ஏன் பிடிக்காது?

சரி, துண்டு கிடைத்தது. அதிலிருந்து டிகிரிக்கு எப்படிப் போவது? கூப் முதலில் கண்டது, பல லட்சம் வருஷமாகப் பெரும்பாலான வண்டினங்கள் மாறவே இல்லை என்பதை. பனிக்காலத்துச் சேற்றில் கிடைப்பவை அழிந்துபோன விநோத ஜந்துக்கள் அல்ல, இன்றும் எங்கோ உயிரோடு இருப்பவைதான். குளிர் வந்தால் அவை உருமாறவில்லை, ஊர் மாறின. கடலும் குறுக்கே இல்லை. பனி உச்சத்தில் இருந்தபோது கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே, பிரிட்டனும் ஐரோப்பாவும் ஒரே நிலம். நடந்தே போகலாம். பறந்தும் போகலாம்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சாணி வண்டு. இங்கிலாந்தின் பனிக்காலச் சேறுகளில் ஒரு குட்டிச் சாணி வண்டு திரும்பத் திரும்பக் கிடைத்தது. ஐரோப்பாவில் இன்றிருக்கும் எதோடும் அது பொருந்தவில்லை. அழிந்துபோன இனமோ என்று தோன்றுவது இயல்புதானே? இல்லை. அது திபெத்தில் இருக்கிறது! திபெத்திய மேட்டு நிலத்தின் உயரத்தில் மட்டும் இன்று வாழ்கிற அஃபோடியஸ் ஹோல்டரெரி. 1973இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் கூப் இதை எழுதினார். தேம்ஸ் கரையில் மம்மூத்தும் காட்டெருமையும் போட்ட சாணத்தில் வாழ்ந்த வண்டுக்கு இன்றைய விலாசம் யாக் எருதுகளின் நாடு. இப்படி ஒரு விலாச மாற்றத்தை எந்த யானை எலும்பும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு வண்டு மட்டும் சாட்சி சொன்னால் நம்ப முடியாது. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். பேருந்து எப்போது வந்தது என்று மூன்று பேரைக் கேட்கிறோம். ஒருவர் ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே என்கிறார். இன்னொருவர் எட்டுக்கு மேல், பதினொன்றுக்குள் என்கிறார். மூன்றாமவர் ஏழிலிருந்து எட்டரைக்குள் என்கிறார். மூவரும் உண்மை சொல்கிறார்கள் என்றால் பேருந்து எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவே வந்திருக்க வேண்டும். வண்டுகளும் அப்படியே. ஓர் இனம் இன்று எங்கெல்லாம் வாழ்கிறதோ அந்த ஊர்களின் மிகச் சூடான மாதம் எத்தனை டிகிரி, கோடைக்கும் குளிருக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று வரைபடமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். சேற்றில் சேர்ந்து கிடைத்த முப்பது, நாற்பது இனங்களின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சின்னத் துண்டு மிஞ்சும். அந்தச் சேறு படிந்த காலத்தின் தட்பவெப்பம் அது. அட்கின்சன், பிரிஃபா, கூப் மூவரும் 1987இல் இதை வைத்துப் பிரிட்டனின் கடைசி 22,000 ஆண்டுக் கோடையையும் குளிரையும் எழுதிக் காட்டினார்கள். பனி உச்சத்தில் கோடையின் சூடான மாதமே 10 டிகிரியைத் தாண்டவில்லை. பிறகு பனி விலகியபோது, நூறு வருஷத்துக்கு 2.6 டிகிரி வரை வேகமாகச் சூடேறியிருக்கலாம் என்றும் அதில் வந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, தொழில்காரன் என்பதால் சொல்கிறேன். குறிப்பிட்ட ஒரு செடியை மட்டும் தின்கிற வண்டுகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. செடி வராவிட்டால் அந்த வண்டும் வராது, வானிலையைப் பற்றி அது பேசாது. மற்றப் பூச்சிகளைத் தின்பவையும் சாணம், பிணம் தேடிப் போகிறவையும்தான் நம்பகமான சாட்சிகள். என் கிடங்கு வண்டுகள் சுத்தமாக லாயக்கில்லை. மூட்டைக்குள் அவற்றுக்குத் தனிக் கோடை. மார்கழிக் குளிரில் அட்டிக்குள் கையை விட்டால் சூடு தெரியும், வண்டு விழுந்த தானியம் தானாகவே கொதிக்கும். இங்கிலாந்தின் யார்க் நகரில் ரோமானியர் கட்டிய தானியக் கிடங்கு ஒன்றைத் தோண்டினார்கள். உள்ளே ஒரே வண்டு. சமாளிக்க முடியாமல் கிடங்கைப் பிரித்துப் போட்டு, மேலே களிமண் கொட்டி மூடி, அதற்கு மேல் வேறு கிடங்கு கட்டியிருக்கிறார்கள். பனிக்காலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 1,900 வருஷத்துக்கு முந்திய அந்தக் கிடங்குக்காரனின் தலைவலி எனக்கு நன்றாகவே புரிந்தது. கோதுமைக் கூன்வண்டுக்குப் பறக்கத் தெரியாது, ரோமானியர்களின் மூட்டையோடு கப்பலேறித்தான் பிரிட்டனுக்கு வந்தது.

ஹவுன்ஸ்லோவை ஒட்டியே தேம்ஸ் கரையில் ஐசில்வர்த் என்று ஓர் ஊர். மகள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சாயங்காலங்களில் போய் உட்காருவேன். அந்த ஊர்ச் சரளைக் குழியில்தான் கூப்பும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ஆங்கஸும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். பனிக்காலத்தின் நட்ட நடுவே, சுமார் 43,000 ஆண்டுகளுக்கு முந்திய சேறு அது. அங்கே கிடைத்த வண்டுகள், இன்றைய லண்டன் கோடைக்கு ஈடான கோடையைக் காட்டின. ஆனால் அதே சேற்றில் தங்கியிருந்த செடிகொடிகளின் மகரந்தத்தைப் பார்த்தால் மரமே இல்லை, புல்வெளி. மகரந்தம் படிப்பவர்களுக்கு மரமில்லாத நிலம் என்றால் குளிர் நிலம். யார் சொல்வது சரி? கூப்பின் பதில் எளிமையானது. இருவரும் சரி. திடீரென்று வெயில் வந்தது. வண்டு இறக்கையை விரித்துச் சில வருஷத்திலேயே வந்து சேர்ந்துவிட்டது. மரம் அப்படி வர முடியாது. விதை விழ வேண்டும், முளைத்து வளர்ந்து அடுத்த விதை விட வேண்டும், ஐரோப்பாவின் தெற்கிலிருந்து அப்படியே அங்குலம் அங்குலமாக ஏறிவர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் வெயில் முடிந்துவிட்டது. அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து, லண்டன் வெயில் அடித்தும் ஒரு மரம்கூட இல்லாத தேம்ஸை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. எதிரே வில்லோ மரங்கள் மறைத்தன.

மம்மூத்துக்கும் ஒரு மரியாதை செய்துவிடுகிறேன். நார்ஃபோக்கில் லின்ஃபோர்டு என்ற இடத்தில் 2002இல் ஒரு பழைய ஆற்று வளைவின் சேற்றில், சுமார் 60,000 ஆண்டுக்கு முந்திய மம்மூத் எலும்புகளும் நியாண்டர்தால் மனிதர்களின் கைக்கோடரிகளும் சேர்ந்து கிடைத்தன. உங்கள் ஓவியர் வரைந்த மம்மூத்தை அங்கே நிறுத்தலாம். அப்போது கோடை எப்படி? 12இலிருந்து 14 டிகிரி. குளிர் மாதம்? பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி, இல்லை அதற்கும் கீழே. சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சேற்றையும் கூப்பே பார்த்தார். (நீர்யானைக் காலத்தில் பிரிட்டனில் மனிதரே இல்லை என்பதும் ஒரு வேடிக்கை. வெயிலும் மேய்ச்சலும் நன்றாக இருந்த சமயத்தில் ஆள் இல்லை, உறைந்துபோகிற சமயத்தில் கோடரியோடு வந்து நிற்கிறார்கள்.)

நம் பக்கம் இப்படி ஒன்றும் இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள், இருக்கிறது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்து சுகுமார் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மண்ணிலுள்ள கார்பனை அளந்து, எந்தக் காலத்தில் எந்த வகைப் புல் பூண்டு இருந்தது என்று பார்த்தார்கள். பனி உச்சத்தில் இருந்த காலத்தில் நீலகிரி வறண்டு கிடந்தது, பருவமழை மெலிந்திருந்தது என்று தெரிந்தது. உங்கள் நிருபர் ஒரு நாள் ஊட்டிக்குப் போய் அதையும் எழுதலாம்.

ஆனால் வண்டு முறைக்கு வேண்டியது சேறு மட்டும் அல்ல. இன்று எந்த வண்டு எந்த ஊரில் இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும். பிரிட்டனில் சுமார் 4,000 வண்டினங்கள். அவற்றில் ஒவ்வொன்றையும் எங்கே, எந்தத் தேதியில் பிடித்தோம் என்று இருநூறு வருஷமாக எழுதிவைத்தவர்களில் விஞ்ஞானிகள் குறைவு. பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள். ஞாயிற்றுக்கிழமை வலையும் குப்பியுமாகக் கிளம்பியவர்கள். 43,000 வருஷத்து வெயிலை அளக்கப் பயன்படும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் பாட்டுக்கு எழுதினார்கள். கூப் வந்து எடுத்துக்கொண்டார்.

நானும் எழுதினேன். 1979இலிருந்து எந்தக் கிடங்கு, எந்த அட்டி, அன்றைய சூடு, ஈரப்பதம், கிலோவுக்கு எத்தனை வண்டு, எந்த இனம் என்று நீளக் கணக்கு நோட்டில் 41 நோட்டு. இலாகா கேட்டதைவிட நாலு பங்கு அதிகம். கிடங்கு விளக்கில் வந்து விழுகிற வெளி வண்டுகளையும் கடைசிப் பக்கங்களில் குறித்து வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் ஒரு பழைய கணக்குப் பார்க்க அலுவலகம் போனேன். வெள்ளையடிக்க இடம் பண்ணினோம் சார், பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு என்றார்கள். எத்தனை கிலோ தேறியது என்று கேட்டேன். ரசீது தேடிப் பார்த்து 26 கிலோ என்றார் அந்தப் பையன், மரியாதையாகத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அது என்ன பொருள் என்று லண்டன் நூலகத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

கடிதம் நீண்டுவிட்டது. யார்க் கிடங்கையும் என் நோட்டையும் வேண்டுமானால் வெட்டிவிடுங்கள். படத்துக்கு மட்டும் திருத்தம் போட்டுவிடுங்கள்: நீர்யானையோடு நேர்த் தந்த யானையை நிறுத்தவும், பனிமலையை அழிக்கவும், மம்மூத்தை லின்ஃபோர்டுக்கு அனுப்பவும். முன்னால் புல் தரையில் சாணம் ஒன்று, அதன்மேல் வண்டு ஒன்று. ஓவியருக்கு மாதிரி வேண்டுமென்றால் சாணி வண்டு என்னிடம் இப்போது இல்லை. பயறு வண்டு இருக்கிறது. போன மாதம் வாங்கிய உளுந்திலேயே இருக்கிறது. தீப்பெட்டியில் போட்டு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கிடங்குக்காரன்,
விருதுநகர்.